நீச்சல் குளத்தில் குளித்தால் உடம்பு அரிப்பது ஏன்? குளோரின் மீது வீண் பழி!

நல்லூர்:-

பள்ளிக்கூடம் லீவு விட்டால் போதும். திருப்பூர் வட்டாரத்தில் உள்ள நீச்சல் குளங்களுக்குப் பிள்ளைகள் படை எடுத்து விடுகிறார்கள். மணிக்கணக்குக்குப் பணம் கட்டி, ஆசை தீரக் குதித்து விளையாடுகிறார்கள்.

வீடு திரும்பும்போதுதான் வம்பு. கண் கோவைப்பழம் மாதிரி சிவந்திருக்கும். தோல் வெளுத்துப்போய், சொர சொர என்று இருக்கும். ராத்திரி முழுக்கச் சொறிந்து கொண்டே கிடப்பார்கள்.

"குளோரினை அள்ளிக் கொட்டிட்டாங்க. வாடையே தாங்க முடியலைங்க" என்பதுதான் எல்லா வீட்டிலும் பேச்சு. புகார் வந்ததும் குளத்துக்காரர் என்ன செய்கிறார்? மறுநாள் குளோரினைக் குறைத்து விடுகிறார்.

அரிப்பு குறையுமா? குறையாது. இன்னும் கூடும்!

ஏன் என்றால், பெரும்பாலான நேரங்களில் அந்த வாடைக்கும், கண் எரிச்சலுக்கும் காரணம் குளோரின் கூடிப் போனது அல்ல. குளோரின் போதாமல் போனதுதான்!

கிணறு போச்சு, ஆறு போச்சு

கொங்கு நாட்டுப் பிள்ளைகள் நீச்சல் பழகியது குளோரின் தண்ணீரிலா? இல்லை. காய்ந்த சுரைக்குடுக்கையை முதுகில் கட்டித் தோட்டத்துக் கிணற்றில் இறக்கி விட்டார்கள். நொய்யலில் தண்ணீர் வந்தால் ஆற்றிலும் குதித்தார்கள்.

பிறகு வந்தது சாயக்கழிவு. 1992-ல் பாசனத்துக்குத் திறந்த ஒரத்துப்பாளையம் அணை, சாயத் தண்ணீர் தேங்கும் குட்டையாக மாறியது. ஆற்றோரத்துக் கிணறுகள் உப்புக் கரித்தன. விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011-ம் ஆண்டு ஜனவரி 28-ந்தேதி சென்னை ஐகோர்ட்டு, சாயப்பட்டறைகளையும் சலவைப்பட்டறைகளையும் மூட உத்தரவு போட்டது. அதன் பிறகு, ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத முறையைக் கொண்டு வந்தவர்களுக்குத்தான் மறுபடி திறக்க வழி கிடைத்தது.

ஆனால் பூமிக்குள் இறங்கிய உப்பு ஒரே நாளில் போய்விடுமா? கிணற்றில் குதித்த தலைமுறையின் பேரப்பிள்ளைகள் இன்று டைல்ஸ் பதித்த குளத்துக்குப் போகிறார்கள்.

கிணற்றுக்கும் குளத்துக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கிணற்றில் ஊற்று சுரக்கும். மோட்டார் போட்டுத் தண்ணீரைத் தோட்டத்துக்கு இறைப்பார்கள். பழைய தண்ணீர் போய்ப் புதுத் தண்ணீர் வரும். குளிப்பவர்களும் நாலைந்து பேர்தான்.

நீச்சல் குளத்திலோ அதே தண்ணீர்தான் மாதக்கணக்கில் பில்டர் வழியாகச் சுற்றிச் சுற்றி வருகிறது. நூற்றுக்கணக்கான பேர் இறங்குகிறார்கள். அங்கே மருந்து இல்லாமல் முடியாது. அந்த மருந்து சரியான அளவில் இருக்க வேண்டும். அதுதான் பிரச்சினை.

உண்மைக் குற்றவாளி யார்?

தண்ணீரில் போட்ட குளோரின் கிருமியைக் கொல்லும். சும்மா இருக்கும் குளோரினுக்கு அவ்வளவு வாடை கிடையாது.

ஆனால் குளிப்பவர்களின் வியர்வை, சிறுநீர், தலையில் தேய்த்த எண்ணெய், சோப்பு எல்லாம் தண்ணீரில் கலக்கின்றன. வியர்வையிலும் சிறுநீரிலும் இருக்கும் யூரியா, அம்மோனியா போன்ற சரக்குகளோடு குளோரின் சேருகிறது. அப்போது பிறப்பதுதான் குளோரமின்.

மூக்கைத் துளைக்கும் அந்த வாடைக்குச் சொந்தக்காரன் இந்தக் குளோரமின்தான். கண்ணைச் சிவக்க வைப்பவன், தோலை அரிக்க வைப்பவன், இருமல் வர வைப்பவன் எல்லாம் இவனே. கிருமியைக் கொல்லும் வேலையில் மட்டும் ஆள் சோம்பேறி!

2017-ம் ஆண்டு கனடாவில் அல்பெர்ட்டா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஒரு வேலை செய்தார்கள். குளிர்பானங்களில் போடும் ஒரு செயற்கை இனிப்பு உடம்பில் தங்காமல் அப்படியே சிறுநீரில் வெளியேறி விடும். அந்த இனிப்பு நீச்சல் குளத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அளந்தார்கள். 8 லட்சத்து 30 ஆயிரம் லிட்டர் கொண்ட ஒரு குளத்தில் சுமார் 75 லிட்டர் சிறுநீர் இருப்பதாகக் கணக்கு வந்தது!

"சிறுநீர் விட்டால் தண்ணீர் கலர் மாறும், அதற்கு ஒரு மருந்து போட்டிருக்கிறோம்" என்று சில இடங்களில் பிள்ளைகளை மிரட்டுவார்கள். வெறும் கட்டுக்கதை! அப்படி நிறம் காட்டும் மருந்து எந்தக் குளத்திலும் புழக்கத்தில் இல்லை.

குளோரமினை விரட்ட என்ன வழி? குளோரினைக் குறைப்பது அல்ல. கூட்டுவது! குளோரமின் எவ்வளவு இருக்கிறதோ, அதைப் போல் சுமார் 10 மடங்கு குளோரினை ஒரே தவணையில் போட வேண்டும். குளத்தை மூடி வைக்க வேண்டும். ராத்திரி முழுக்க மோட்டார் ஓட வேண்டும். குளோரமின் உடைந்து போகும். குளோரின் வழக்கமான அளவுக்கு இறங்கிய பிறகே ஆட்களை விட வேண்டும். கூடவே கொஞ்சம் பழைய தண்ணீரை வெளியேற்றிப் புதுத் தண்ணீர் விடுவதும் நல்லது.

பி.எச். செய்யும் மாயம்

குளோரின் அளவு சரியாக இருந்தும் அரிக்கிறதா? அப்படியானால் பி.எச். கெட்டிருக்கும்.

பி.எச். என்பது தண்ணீர் புளிப்புப் பக்கமா, காரப் பக்கமா என்று காட்டும் எண். 7 நடு. அதற்குக் கீழே புளிப்பு. மேலே காரம்.

இந்த எண்ணைப் பொறுத்துத்தான் குளோரினுக்கு வீரியம். பி.எச். 7.2 இருந்தால் போட்ட குளோரினில் மூன்றில் இரண்டு பங்கு வேலை செய்யும். 7.5-ல் பாதி. 8 ஆனால் நாலில் ஒரு பங்கு. 8.5-க்குப் போனால் பத்தில் ஒரு பங்குதான். மிச்சம் எல்லாம் தண்ணீரில் இருந்தும் தூங்கும். காசு கொடுத்து வாங்கிய மருந்து வீண்!

நம் கண்ணீரின் பி.எச். சுமார் 7.4. குளத்துத் தண்ணீரும் அதை ஒட்டி இருந்தால் கண் தாங்கும். தோல் இன்னும் புளிப்பு. சுமார் 5.5. தண்ணீர் காரமாக இருந்தால் தோலின் எண்ணெய்ப் பசை போய்விடும். தோல் வறண்டு அரிக்கும். ரொம்பப் புளிப்பாக இருந்தாலும் ஆபத்து. கண் எரியும். பைப், மோட்டார் எல்லாம் அரித்துப் போகும்.

உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட வழிகாட்டி, குளோரின் போடும் குளத்தில் பி.எச். 7.2 முதல் 7.8 வரை இருக்கலாம் என்கிறது. பொதுக் குளத்தில் குளோரின் லிட்டருக்கு 1 மில்லி கிராம் இருந்தால் வேலை நடக்கும். 3-ஐத் தாண்டக் கூடாது. நம் நாட்டிலும் நீச்சல் குளத்துத் தண்ணீருக்கு என்றே ஐ.எஸ். 3328 என்ற தர நிர்ணயம் இருக்கிறது.

பனியனுக்கு ஒரு நியாயம், பிள்ளைக்கு ஒரு நியாயமா?

இதெல்லாம் படித்தவர்கள் சமாச்சாரம் என்று நினைக்காதீர்கள். நம்ம ஊரு பட்டறைத் தொழிலாளிக்கு இது தினசரி வேலை!

துணியை வெளுக்கக் காஸ்டிக்கும் பெராக்சைடும் போட்டுக் கொதிக்க விடுகிறார்கள். அப்படியே சாயம் போட்டால் சாயம் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். அதனால் முதலில் மிச்சம் இருக்கும் பெராக்சைடை முறிக்கிறார்கள். அசிட்டிக் ஆசிட் விட்டுக் காரத்தை இறக்குகிறார்கள். பி.எச். பேப்பரை நனைத்து, நிறம் பார்த்த பிறகுதான் அடுத்த வேலை.

ஏற்றுமதிக்குப் போகும் துணிக்கு இன்னும் கெடுபிடி. ஓகோ-டெக்ஸ் என்ற சர்வதேசத் தரச் சான்றிதழில், குழந்தைத் துணிக்கும் உடம்போடு ஒட்டும் துணிக்கும் பி.எச். 4 முதல் 7.5-க்குள் இருக்க வேண்டும். தப்பினால் சரக்கு திரும்பி வரும்.

எங்கோ வெளிநாட்டில் ஒரு குழந்தை போடும் பனியனுக்கு இங்கே பேப்பர் நனைத்துப் பார்க்கிறார்கள். அதே பேப்பரை நம்ம பிள்ளைகள் முங்கிக் குளிக்கும் தண்ணீரில் நனைத்துப் பார்க்க வேண்டாமா? ஒரு நிமிட வேலைதானே!

ஒலிம்பிக்கில் பச்சைத் தண்ணீர்!

பெராக்சைடு என்றதும் ஞாபகத்துக்கு வருவது ரியோ ஒலிம்பிக். 2016-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம். பிரேசில் நாட்டில் உலகமே டி.வி.யில் பார்த்துக் கொண்டிருந்தபோது, டைவிங் குளத்துத் தண்ணீர் பச்சைப் பசேல் என்று மாறியது! மறுநாள் பக்கத்துக் குளமும் பச்சை. வாட்டர் போலோ வீரர்கள் கண் எரிகிறது என்று புகார் சொன்னார்கள்.

விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. ஆகஸ்டு 5-ந்தேதி ஒரு ஒப்பந்ததாரர் குளத்தில் 80 லிட்டர் ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றி இருந்தார். பெராக்சைடும் குளோரினும் ஒன்றை ஒன்று தின்று தீர்த்து விடும். குளோரின் செத்துப் போனது. பாசிக்குக் கொண்டாட்டம்!

இதில் வேடிக்கை என்னவென்றால், அளவு காட்டும் எலக்ட்ரானிக் கருவி "எல்லாம் சரி" என்றே சொல்லிக் கொண்டிருந்தது. கடைசியில் ஒரு குளத்துத் தண்ணீரை முழுவதுமாக இறைத்து, வேறு தண்ணீர் நிரப்பினார்கள்.

மஞ்சள் நிறத்தை நம்பாதே!

ஒலிம்பிக் கருவியே ஏமாந்தது என்றால் நம்ம ஊரு கருவி?

பல இடங்களில் சோதனைக் குழாயில் தண்ணீர் எடுத்து, ஒரு சொட்டு மருந்து விட்டு, மஞ்சள் நிறம் வருகிறதா என்று பார்க்கிறார்கள். அது ஓ.டி. சோதனை. நிறம் வந்தால் குளோரின் இருக்கிறது என்று முடிவு கட்டி விடுகிறார்கள்.

அங்கேதான் கோட்டை விடுகிறார்கள். அந்த மஞ்சள் நல்ல குளோரினையும் காட்டும், குளோரமினையும் காட்டும். போலீஸ்காரரையும் திருடனையும் ஒரே வரிசையில் நிறுத்தித் தலை எண்ணுகிற மாதிரி!

இரண்டையும் பிரித்துக் காட்டுவது டி.பி.டி. என்ற சோதனை. அதில் ரோஸ் நிறம் வரும். முதல் மாத்திரை நல்ல குளோரினை மட்டும் காட்டும். அடுத்த மாத்திரை மொத்தத்தையும் காட்டும். மொத்தத்தில் நல்லதைக் கழித்தால் மிச்சம் குளோரமின். அது லிட்டருக்கு 0.4 மில்லி கிராமைத் தாண்டினால் உடனே கவனிக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. குளோரின் அளவுக்கு மீறிப் போனால் ரோஸ் நிறத்தையே வெளுத்து விடும்! நிறமே வரவில்லை என்று மேலும் மருந்தைக் கொட்டி விடாதீர்கள். சந்தேகம் வந்தால் குளத்துத் தண்ணீரோடு நல்ல தண்ணீரைக் கலந்து மறுபடி சோதியுங்கள்.

எவ்வளவு போடுவது? இதோ கணக்கு

10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் ஆழம் உள்ள குளம் என்று வைத்துக் கொள்வோம். பெருக்கினால் 60 கன மீட்டர். அதாவது 60 ஆயிரம் லிட்டர்.

லிட்டருக்கு 1 மில்லி கிராம் குளோரின் ஏற்ற 60 கிராம் சுத்தமான குளோரின் வேண்டும். நல்ல பிளீச்சிங் பவுடரில் மூன்றில் ஒரு பங்குதான் குளோரின். எனவே சுமார் 180 கிராம் பவுடர் தேவை. மூட்டையைத் திறந்து போட்டு, ஈரக் காற்று பட்ட பவுடராக இருந்தால் வீரியம் செத்திருக்கும். கண் மதிப்பில் போட்டால் கணக்கு தவறுவது இப்படித்தான்.

பவுடரை நேரே குளத்தில் வீசக் கூடாது. பிளாஸ்டிக் பக்கெட்டில் கரைத்து, தெளிய விட்டு, தெளிந்த நீரை மட்டும் ஊற்ற வேண்டும். பவுடர் கட்டி தோலில் பட்டால் புண் ஆகும். குளிப்பவர்கள் எல்லாம் போன பிறகு, சாயங்காலம் போடுவதே சரி. வெயில் குளோரினைச் சீக்கிரம் தின்று விடும்.

நம்ம பக்கத்தில் இன்னொரு சிக்கல். போர் தண்ணீர் கடினத் தண்ணீர். சோப்பு நுரைக்காது என்பது வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். அதில் பிளீச்சிங் பவுடரையும் போட்டால் சுண்ணாம்புச் சத்து இன்னும் கூடும். பி.எச்.சும் ஏறும். தண்ணீர் பால் மாதிரி கலங்கும். டைல்ஸில் உப்பு படிந்து சொர சொரப்பாகி, பிள்ளைகளின் முழங்காலைத் தேய்க்கும். பில்டரும் அடைத்துக் கொள்ளும்.

குளத்துக்குச் சுண்ணாம்புக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 முதல் 400 மில்லி கிராம் வரை போதும். அதற்கு மேல் போனால் லாரித் தண்ணீரோ, மழைத் தண்ணீரோ கலந்து குறைப்பதுதான் வழி.

டிரைக்ளோர் மாத்திரை போடுபவர்களும் உண்டு. அதில் வெயிலைத் தாங்க வைக்கும் சயனூரிக் ஆசிட் சேர்ந்தே வருகிறது. அளவோடு இருந்தால் நல்லது. தண்ணீரை மாற்றாமல் மாத்திரையையே போட்டுக் கொண்டிருந்தால் அது சேர்ந்து சேர்ந்து, குளோரினைக் கட்டிப் போட்டு விடும். அப்புறம் எவ்வளவு போட்டாலும் வேலைக்கு ஆகாது.

பி.எச். ஏறினால் ஆசிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு இறக்கலாம். இறங்கினால் சோடா ஆஷ் போட்டு ஏற்றலாம். பி.எச். நிலையாக நிற்காமல் ஊஞ்சல் ஆடினால் ஆப்ப சோடா போட்டு நிலைப்படுத்தலாம்.

உயிருக்கே ஆபத்து! உஷார்!

ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே பக்கெட்டில் கலந்தால் விஷ வாயு கிளம்பும். முதல் உலகப் போரில் 1915-ல் சிப்பாய்களைக் கொல்லப் பயன்படுத்திய அதே குளோரின் வாயு! மூச்சுத் திணறி உயிர் போகலாம்.

டிரைக்ளோர் மாத்திரையையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்து வைத்தால் தீப்பிடிக்கும், வெடிக்கும். ஒரே கரண்டியால் இரண்டையும் அள்ளுவதும் கூடாது.

எப்போதும் தண்ணீரில்தான் மருந்தை விட வேண்டும். மருந்தின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. ஆசிட் ஒரு நாள், குளோரின் ஒரு நாள் என்றில்லாவிட்டாலும், ஒன்று நன்றாகக் கலந்து சுற்றிய பிறகே மற்றது. மருந்து ரூமுக்குப் பூட்டு அவசியம்.

குளிப்பவர்களும் யோக்கியமா?

குளத்துக்காரரை மட்டும் குறை சொன்னால் போதாது. நம்ம பங்கும் இருக்கிறது.

இறங்கும் முன் ஒரு நிமிடம் ஷவரில் நன்றாக நனைந்தாலே உடம்பில் இருக்கும் அழுக்கு, வியர்வை பெரும்பாலும் போய்விடும். தலை நிறைய எண்ணெய் வைத்துக்கொண்டு இறங்கக் கூடாது. போட்டிருக்கும் காட்டன் பனியன், டவுசரோடு குதிக்கக் கூடாது. அதில் சோப்பும் வியர்வையும் ஒட்டி இருக்கும். நூல் பிசிறு பில்டரில் போய் அடைக்கும். நீச்சல் உடைதான் சரி.

சின்னப் பிள்ளைகளை மணிக்கு ஒரு தரம் பாத்ரூமுக்குக் கூட்டிப் போங்கள். வயிற்றுப் போக்கு உள்ள பிள்ளையைக் குளத்துப் பக்கமே கொண்டு வராதீர்கள். வெளியே வந்ததும் நல்ல தண்ணீரில் குளிக்க வைத்து, ஈரத்தை ஒற்றி எடுத்து, கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவினால் தோல் வறளாது.

டாக்டரிடம் போவது எப்போது?

வறட்சியால் வரும் அரிப்பு நல்ல தண்ணீரில் குளித்தால் அடங்கி விடும். ஆனால் ஒன்றிரண்டு நாள் கழித்து, நீச்சல் உடை மூடி இருந்த இடத்தில் சிவப்புப் புள்ளியாக, சீழ் வைத்த மாதிரி கிளம்பினால் கதை வேறு. அது சூடோமோனாஸ் என்ற கிருமியின் வேலை. குளோரின் போதாத தண்ணீரில்தான் அது வளரும். பெரும்பாலும் சில நாட்களில் தானாக ஆறி விடும். ஆறாமல் பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ டாக்டரைப் பாருங்கள்.

கரப்பான் உள்ள பிள்ளைகள், இழுப்பு உள்ள பிள்ளைகள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். வாடை தூக்கலாக அடிக்கும் குளத்தில் அவர்களை இறக்கவே கூடாது.

கேளுங்கள் இந்த 4 கேள்விகளை!

பணம் கட்டும் முன்பு குளத்துக்காரரிடம் கேளுங்கள்:-

1. இன்றைக்குப் பி.எச். எவ்வளவுங்க?

2. நல்ல குளோரின் எவ்வளவு? குளோரமின் எவ்வளவு?

3. ஒரு நாளைக்கு எத்தனை தரம் சோதிக்கிறீங்க? எழுதி வைத்த நோட்டு எங்கே?

4. கடைசியாகத் தண்ணீர் மாற்றியது எப்போது?

பதில் சொல்பவரை நம்பி இறங்கலாம். "அதெல்லாம் போட்டாச்சுங்க" என்று மழுப்பினால் தண்ணீரைப் பாருங்கள். அடியில் உள்ள டைல்ஸ் கோடு பளிச்சென்று தெரிய வேண்டும். மூக்கை வைத்துப் பாருங்கள். வாடை குப்பென்று அடித்தால், பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடையைக் கட்டுங்கள்!

சுத்தமான குளத்துக்கு வாடை கிடையாது.